அக்கா குழியைக் கூட்ட வந்தவர்

போன மாதம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. முப்பத்து மூன்று வருடம் அரசாங்கத்தில் இருந்தவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டான். கொண்டு வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த தாளை நிதானமாகப் படித்தேன். 'காகிதப் பொருட்கள், விற்பனைக்கு அல்ல' என்று இருந்தது. பிறகுதான் போட்டேன்.

பிரித்தால் முதலில் ஒரு கட்டு ஊதுபத்தி. அதன் கீழே காகிதத்தில் செய்த ஒரு ஜோடிச் செருப்பு, வார் எல்லாம் வைத்து. அதற்கும் கீழே, மடிப்புக் கலையாமல், ஒரு புடவை. அதுவும் காகிதம்தான். அரக்கு நிறம், தங்கக் கரை, முந்தியில் மாங்காய். ரவிக்கைக்குத் தனியாக ஒரு துண்டு வேறு. ஈப்போவில் காகித உருப்படிகள் செய்கிற சீனர் ஒருவர் வாழ்க்கையில் முதன்முறையாகப் புடவை செய்திருக்கிறார் என்பது அதைத் தொட்டாலே தெரிந்தது. ஆறு முழம்கூட வராது.

என் மனைவி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க இது, கட்டினா வாசல் தாண்டறதுக்குள்ள கிழிஞ்சுடும் போல."

"கட்டறதுக்கு இல்ல. கொளுத்தறதுக்கு" என்றேன்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு வருகிற தபாலே தனி தினுசுதான் என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள்.

கூட ஒரு கடிதம். எழுதியவர் வெய் மிங். அவருடைய அப்பா ஆ செங் காலமாகிவிட்டார். பெட்டியில் உள்ளவற்றை அத்தையின் கல்லறையில் கொளுத்த வேண்டும். அங்கிருந்து ஒரு பிடி மண் அனுப்ப வேண்டும். அப்பாவின் கடைசி ஆசை, அத்தையின் பெயரையும் தங்கள் வீட்டு முன்னோர் பலகையில் செதுக்க வேண்டும் என்பது. அந்தப் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பலகை முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார்களாம். பெயர் தப்பாகப் போனால் ஏற்றுகிற புகை வேறு யாருக்கோ போய்விடும் என்று அப்பா சொல்வாராம். மரவேலைக்காரர் காத்திருக்கிறார், விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று முடித்திருந்தார்.

நான் அந்தப் புடவையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பசை வாசனை. மைதா மாவும் துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசை. அந்த வாசனை நேராக என்னை நைனார்பாளையத்துப் பக்கம், ஊர் பெயர் வேண்டாம், என் முதல் உத்தியோகத்துக்குக் கொண்டு போய்விட்டது. கிராம நிர்வாக அலுவலர் என்று கூப்பிட நீளமான பெயர். ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு கொட்டாங்குச்சி நிறையப் பசை. கிழிந்த பதிவேடுகளை ஒட்டி ஒட்டியே என் விரலில் ரேகை மறைந்திருந்தது. கிராம அலுவலர் அந்தக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. எல்லா விதியும் தெரிந்த நான் இந்த ஒன்றை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அதனால் ஊரில் உயிரோடு இருந்தவர்களைவிட, பதிவேட்டில் இருந்தவர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் கோவிந்தன் என்பவர் தன் மனைவி இறந்ததைச் சொல்ல வந்தார். பேர் கேட்டேன். அழுது தொண்டை கட்டியிருந்தது. "சீனத்தாயிங்க" என்றார். இந்தப் பக்கத்து வாயில் 'சின்ன'வும் 'பெரிய'வும் படுகிற பாட்டை நான் அறிவேன். நன்றாகப் படித்தவன் வேறு. முத்துமுத்தாக 'சின்னத்தாயி' என்று எழுதி, அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன். இருபத்தொரு நாளுக்குள் பதிவு, தாமதக் கட்டணம் இல்லை, எல்லாம் ஒழுங்கு.

நான்கு வருடம் கழித்து, பங்குனி வெயிலில், ஒரு சீனர் என் மேசை முன்னால் வந்து நின்றார். ஆ செங் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிரம்புக் கூடை. வாயைத் திறந்தால் தமிழ். ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தமிழ் பேசாமல் அங்கே உப்புகூட விற்க முடியாது என்றார்.

"அக்கா குழி எங்க இருக்கு ஐயா? நான் கூட்டணும்."

நான் ஒரு வருவாய்த் துறை ஆள். எனக்குக் குழி என்றால் நில அளவு. கூட்டுவது என்றால் கணக்கு. எத்தனை குழி, யார் பெயரில் பட்டா, எந்த சர்வே எண் என்று கேட்டேன். அவர் விழித்தார். அக்கா பங்கைக் கேட்டு வந்திருக்கிறார் என்று முடிவு செய்து, வாரிசுச் சான்றிதழுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். தாசில்தார் அலுவலகம் எந்தத் தெருவில் என்பதுவரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடையைத் திறந்து ஒரு துடைப்பத்தை எடுத்துக் காட்டினார். நம் சீவக்கட்டைதான்.

வருடத்துக்கு ஒருமுறை இந்த மாதத்தில் சீனர்கள் தங்கள் பெரியவர்களின் குழிமேட்டுக்குப் போவார்கள். புல்லைப் பிடுங்கி, கூட்டி, கல்லில் உள்ள எழுத்துக்குப் புதிதாகச் சிவப்புச் சாயம் பூசி, சோறு வைத்து, காகிதத் துணிமணிகளைக் கொளுத்தி அனுப்புவார்கள். கூட்டாத குழிக்குள் இருப்பவர் நாதியற்றவர். அவர்கள் வீட்டில் வறுமை மிஞ்சிப் போனபோது கைக்குழந்தையாக இருந்த அக்காவைப் பக்கத்திலிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் அவளைத் தங்கள் மகளாக வளர்த்து, ஊர் திரும்பும்போது கூட்டிவந்து இங்கே கட்டிக் கொடுத்துவிட்டது. இவர் அதற்கப்புறம் பிறந்தவர். அக்காவைப் பார்த்ததே இல்லை. அம்மா சாகும்போது, கொடுத்தவளைத் தேடு என்று சொன்னாளாம். தேடி முடிக்கும்போது அக்காவும் போய்விட்டாள். இனி குழியாவது கூட்டலாம் என்று வந்திருக்கிறார்.

அக்காவுக்கு இங்கே என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது, கணவன் பெயர் கோவிந்தன் என்றார். பதிவேட்டைப் புரட்டி, சின்னத்தாயி, கணவர் கோவிந்தன் என்பதைக் கண்டுபிடித்து, அன்றே நகல் எழுதிக் கொடுத்தேன். நகலுக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. அன்றே கொடுத்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கோவிந்தன் ஊரில் இல்லை. பெண்டாட்டி போனதும் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார், கரியாலூர்ப் பக்கம் யாருடைய மரவள்ளிக் காட்டுக்கோ காவல் இருக்கிறார் என்றார்கள். மறுநாள் நானும் ஆ செங்கும் பஸ் ஏறினோம். மலை வளைவுகளில் அவர் மூன்று முறை வாந்தி எடுத்தார், ஒவ்வொரு முறையும் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். கோவிந்தனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா" என்றார். கோவிந்தன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் சாடை இருந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை.

இறங்குகிற பஸ்ஸில் ஆ செங் முன் சீட்டில் தூங்கினார். கோவிந்தன் என் பக்கத்தில். குழி எங்கே என்று கேட்டேன்.

"குழி ஏதுங்க சார். எங்க வகையில எரிக்கறதுதான். சாம்பலக் கோமுகியில கரைச்சுட்டம். எட்டாயிரம் மைலு தாண்டி வந்துகினு இருக்கறவரு கிட்ட, ஆத்துல வுட்டுட்டம்னா சொல்றது?"

எட்டாயிரம் மைல் இல்லை என்று திருத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சின்னத்தாயி சாவுப் பதிவில் எரித்ததா புதைத்ததா என்றெல்லாம் எழுதுவதில்லை என்றேன்.

"யாருங்க சின்னத்தாயி? எம் பொண்டாட்டி பேரு சீனத்தாயி."

முன் சீட்டில் இருப்பவரின் சட்டைப் பையில் என் கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவில் பிழை திருத்தத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் இல்லை. கோவிந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கீழ்நாட்டுச் சமவெளி தெரிய ஆரம்பித்தபோது மெல்லத் திரும்பினார்.

"வேதக்காரங்க கல்லறையில சின்னத்தாயின்னு கல்லு ஒண்ணு இருக்குதுங்களே. உங்க சீட்டுலயும் அதே பேருதான?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அரசாங்கத்தில் இதற்குப் பெயர் 'பார்வையிடப்பட்டது'.

ஊருக்குத் தெற்கே இருந்தது அந்தக் கல்லறைத் தோட்டம். ஆ செங்குக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நகலைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார். சி. ன். ன. விரல் எங்கே நிற்குமோ என்று நானும் கூடவே எழுத்தெண்ணினேன். யி வரைக்கும் வந்தார். எல்லாம் பொருந்தியது. அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

பிறகு கூட்டினார். அவ்வளவு சுத்தமாகக் கூட்டிய இடத்தை நான் அரசாங்க வளாகம் எதிலும் பார்த்ததில்லை. எழுத்துக்குச் சிவப்புப் பூசினார். சிலுவையையும் விடாமல் துடைத்தார். தோட்டத்துத் தமிழர்களில் பாதிப் பேர் வேதக்காரர்கள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தலையோடு வேகவைத்த முழுக் கோழி, ஆரஞ்சு, மூன்று கோப்பை டீ. கடைசியில் கூடையிலிருந்து பிறை மாதிரி இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டு இரண்டையும் தரையில் போட்டார். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். இரண்டும் தட்டையாக விழுந்தது.

"அக்கா சிரிக்குது" என்றார். அது அப்படித்தானாம், இரண்டும் தட்டை என்றால் செத்தவர் சிரிக்கிறார். மறுபடி கேட்டார். மறுபடியும் சிரிப்பு. கோவிந்தன் என்னைப் பார்த்தார், நான் சிலுவையைப் பார்த்தேன். மூன்றாவது தடவை ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. ஆ செங் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழியை எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார். சிரித்தது யார், சாப்பிட்டேன் என்றது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதில் நான் யாரையும் கேலி செய்யத் தகுதியில்லாதவன். என் அப்பாவின் தெவசத்துக்கு வாத்தியார் மந்திரம் சொல்லும்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். காக்கை வரவில்லை என்றால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அதைத் திட்டுவேன். நாம் காக்கையிடம் கொடுத்து அனுப்புகிறோம், அவர்கள் நெருப்பில் போட்டு அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்கிற பழக்கம் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் தொழில்முறை மரியாதை.

நவம்பரில், வேதக்காரர்கள் தங்கள் கல்லறைகளுக்குப் போகும் கல்லறைத் திருநாள் வந்தது. மறுநாள் காலையில் கையில் மனுவோடு தேவசகாயம் வந்து நின்றான். அப்போது பஸ் கண்டக்டர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தவன். பொருள்: என் தாயார் சின்னத்தாயி அவர்களின் கல்லறையில் மர்ம நபர்கள் சிவப்புச் சாயம் பூசிச் சூனியம் வைத்தது தொடர்பாக. நான் மனுவை வாங்கி, பதிவு செய்யாமல், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"எங்கம்மா ஞானஸ்நானம் வாங்கினவங்க சார். அவங்களுக்கு எதுக்கு சார் கோழி?"

அடுத்த பங்குனியில் ஆ செங் வந்தபோது தேவசகாயம் சண்டை போடத்தான் வந்தான். அந்த மனிதர் முழங்காலில் நின்று அவன் அம்மாவின் கல்லைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதைப் பார்த்தான். போய் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். ஆ செங் அவனைக் கல்லறைத் தோட்டத்து ஆள் என்று நினைத்து ஒரு ஆரஞ்சு கொடுத்தார். அவன் அதை உரித்துக்கொண்டே என்னிடம் மெதுவாக, "அம்மாவுக்கு ஆரஞ்சுன்னா உசுரு சார்" என்றான். அத்தோடு அந்த மனு முடிந்தது.

எட்டு பங்குனி வந்தார். பிறகு முட்டி போய்விட்டது என்று எழுதினார். கோவிந்தன் மலையிலேயே இறந்தார். ஆ செங்கிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். எனக்குப் பதவி உயர்வுகள் வந்தன.

இப்போது கடிதம் கேட்பது மண்ணும் பெயரும். மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பப் பயிர்த் தொற்றுத் தடுப்பு அனுமதி வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு வழி தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. ஆனால் தேவசகாயத்தின் அம்மாவை ஈப்போவில் ஒரு சீனர் வீட்டுப் பலகையில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாகச் சாக முடியுமா? போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிழை என்னுடையது என்பதையும். வெய் மிங் கேட்டார், அப்படியானால் அப்பா இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தது யாரிடம்? எனக்குத் தெரியாது என்றேன். அந்த வாக்கியத்தை நான் உத்தியோகத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மண் வேண்டாம், அது இன்னொருவருடைய அம்மா என்றார் அவர். அவர்களுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். அத்தைக்கென்று இனி பெயர் ஒன்றுதான் மிச்சம். அதை மட்டும் சரியாக அனுப்புங்கள்.

காகிதப் புடவையைக் கோமுகிக் கரையில், அவள் சாம்பலைக் கரைத்த இடத்தில் கொளுத்துவதுதான் முறை என்று பட்டது. போய்ப் பார்த்தால் கரையே இல்லை. மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை, சீமைக்கருவேலம். தேவசகாயத்திடம் போனேன். அவனும் இப்போது ரிட்டயர். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி அவர் என்றே சொல்கிறேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அம்மா கல்லறைக்கே கொண்டு போகலாம் என்றார்.

"இத்தினி வருசமா வந்ததெல்லாம் எங்கம்மாதான சார் வாங்கி வச்சுக்கினு இருக்காங்க. சும்மாவா இருந்திருப்பாங்க? பக்கத்துத் தெருதான, கூப்டுக் குடுத்திருப்பாங்க. இதையும் குடுப்பாங்க."

கொளுத்தினோம். நிமிடத்தில் எரிந்துவிட்டது. மாங்காய் மட்டும் கொஞ்ச நேரம் கருகாமல் நின்றது.

திரும்பி வரும்போதுதான் அந்தச் சந்தேகம் என்னைப் பிடித்தது. பெற்ற பெண்ணாக வளர்த்தவர்கள் குழந்தைக்குச் 'சீனத்தாயி' என்றா பெயர் வைத்திருப்பார்கள்? ஊர்தான் அவள் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டிருக்கும். அவர்கள் வைத்தது சின்னத்தாயி என்றே இருந்து, ஊர் வாயில் அது சீனத்தாயி ஆகி, புருஷனும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தால்? அப்படியானால் நான் எழுதியதுதான் சரி. அல்லது இரண்டுமே தப்பு. தேவசகாயத்தைக் கேட்டேன்.

"நாங்க சீனாக்கான்னுதான் சார் கூப்புடுவோம். அதுக்குப் பின்னால ஒரு பேரு இருக்கும்னு யோசிச்சதே இல்ல."

ஊருக்குள் போய் விசாரித்தோம். கோவிந்தன் வீடு இருந்த இடத்தில் செல்போன் கோபுரம். அவர் பங்காளிகள் திருப்பூர் போய்விட்டார்கள். வளர்த்தவர்கள் வழியில் யாருமில்லை. ரேஷன் கடையில், கோயிலில், அரச மரத்து மேடையில் கேட்டோம். என் வயதுக்காரர்களே அங்கே நாலு பேர்தான் இருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை, ஒருவர் மருமகன் வீட்டோடு வந்தவர். டீக்கடையில் இருந்த இளைஞரிடம், இங்கே சீனாக்கா வீடு எங்கே இருந்தது தெரியுமா தம்பி என்று தேவசகாயம் கேட்டார்.

"சைனீஸ் கடையா? அது சின்னசேலம் ரோட்டுல இருக்குதுங்க. சாயந்திரந்தான் தொறப்பாங்க."

பெயர் திருத்தத்துக்கு விதி என்ன தெரியுமா? இறந்தவரை நேரில் அறிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேரின் உறுதிமொழி. நான் எத்தனையோ பேரை இதற்காக வெயிலில் அலைய விட்டிருக்கிறேன். இப்போது எனக்கு ஒருவர்கூட அகப்படவில்லை. தேவசகாயத்துக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், அதுவும் இரண்டு தெரியும், முகம் தெரியாது.

ஈப்போவிலிருந்து மறுபடி போன். மரவேலைக்காரர் வேறு வேலைக்குப் போக வேண்டுமாம். அரசாங்கம் இந்த மாதிரி முட்டுச்சந்துக்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறது. பத்திரத்தில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர் என்றால் நடுவில் அதைப் போட்டு முடித்துவிடுவோம். வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிப் படமெடுத்து அனுப்பினேன்: சின்னத்தாயி என்கிற சீனத்தாயி.

நேற்றுப் படம் வந்தது. கருத்த பலகை, பொன் எழுத்து. சீன எழுத்துகள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக இறங்க, ஓரத்தில் தமிழ். தமிழ் தெரியாத ஒரு கை ஒரு புள்ளி விடாமல் பார்த்துச் செதுக்கியிருக்கிறது. மூன்று சொல்லும் ஒரே அளவு. மூன்றும் அத்தையின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கீழே கேட்டிருந்தார் வெய் மிங். தினமும் காலையில் அவர் மனைவி அந்த மூன்றையும் எழுத்துக்கூட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் ஊதுபத்தி ஏற்றுகிறாளாம்.

சரி என்று பதில் போட்டேன். அந்த அம்மாளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட, தப்பாகவோ சரியாகவோ, இந்தப் பக்கத்தில் இனி ஒருவரும் இல்லை.